சிவப்பு கார்டு விசாரணை

ஏழைகளுக்கான சிவப்பு ரேஷன் கார்டை வசதியானவர்களிடமிருந்து பறிக்க அதிகாரிகள் வருவதாக முதலியார்பேட்டைத் தெருவெல்லாம் பேச்சு. கையில் ஃபைலுடன் ஒருவர் வாசலில் நின்றதும், சந்திரமோகன் இஸ்திரி சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கிழிந்த பனியனோடு வந்தார்.

"சார் கம்பெனியில மேனேஜராமே?"

"எவன் சொன்னான்? கேட்டுல செக்யூரிட்டிங்க."

"வேலைக்குக் கார்ல போறீங்களாம்?"

"டெம்போலதாங்க தொங்கிக்கிட்டுப் போறேன்."

"வீட்டு வருமானம்?"

"எஞ்சம்பளம் வாடகைக்கே போயிடும். பொண்ணு தேவிப்பிரியா நர்சுங்க. அவ சம்பளத்துலதான் அடுப்பு எரியுது. கார்டை மட்டும் புடுங்கிடாதீங்க!"

"எந்தக் கார்டு? ஃபைல்ல இருக்கறது எம்பையன் ஜாதகங்க. அரியாங்குப்பத்துலேருந்து சம்பந்தம் பேச வந்திருக்கேன். மேனேஜர், காருன்னு தரகர்தான் சொன்னாரு."

தரகரிடம் அப்படிப் பொய் சொல்லி வைத்ததே சந்திரமோகன்தான். உள்ளே அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

வந்தவர் நிம்மதியாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் தினமும் ஆபீஸ் கார்ல போறேன்னு தரகர் சொல்லியிருப்பாரே?"

"ஆமாங்க."

"உண்மைதாங்க. அதை ஓட்டுறதே நான்தான். எங்க வீட்லயும் சிவப்பு கார்டுதான். நீங்க போய்ச் சட்டையப் போட்டுக்கிட்டு வாங்க சம்பந்தி!"