குறுக்கே நின்ற வண்டி

"யோவ்! படம் போட்டிருக்குதே, உன் கண்ணுக்குத் தெரியலையா?"

பொற்கொடி போட்ட சத்தத்தில் பாகலூர் ரோட்டில் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

புதிதாகத் திறந்த சூப்பர் மார்க்கெட். வாசலில் சக்கர நாற்காலி படம் வரைந்த இடத்தில், ஒரு பழைய டி.வி.எஸ். 50 நட்டநடுவே குறுக்காக நின்றது. எதிர் டீக்கடையிலிருந்து அதன் சொந்தக்காரன் கிளாஸை வைத்துவிட்டு ஓடி வந்தான்.

"மன்னிச்சுக்கங்கக்கா. இந்தா எடுத்துர்றேன்."

"போன வாரமும் இதையேதான் சொன்ன. கால் ரெண்டும் நல்லா வெச்சிகினு, இந்த எடந்தான் கெடைச்சுதா உனக்கு?"

அவன் இளித்துக்கொண்டே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். அந்த இளிப்பைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் கணவன் ரத்தினவேல், பக்கத்துக்கு ஒரு சக்கரம் கூடுதலாக வைத்த ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் கக்கத்துக் கட்டைகளை ஊன்றி இறங்கினான். லாரி இடித்து ஒரு கால் போனதிலிருந்து அவன் வீட்டு வாசலைத் தாண்டாமலே கிடந்தான். நாலு பேர் பார்ப்பார்களாம். இந்தக் கடையில் படிக்குப் பதில் சாய்வுப் பாதை இருக்கிறது, பக்கத்திலேயே வண்டிக்கு இடமும் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பொற்கொடிதான் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தாள்.

முதல்முறை வந்தபோது அந்த இடத்தில் யாருடைய காரோ நின்றது. ரத்தினவேல் வண்டியைத் திருப்பினான். "இனிமே என்னை எங்கியும் கூப்புடாத" என்றான். மறுபடி அவனைக் கிளப்ப அவளுக்கு மாசக்கணக்கில் ஆயிற்று.

இப்போது ஞாயிற்றுக்கிழமையானால் அவனே சட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறான். கடைக்குள் சோப்பை எடுத்து முகர்ந்து பார்க்கிறான், விலையைப் பார்த்துவிட்டு வேண்டாமென்று வைக்கிறான். அதைப் பார்க்க அவளுக்கு அத்தனை சந்தோஷம். இன்னொரு தடவை இடமில்லை என்று திரும்பினால் அவ்வளவுதான், ஆள் போய்ப் படுத்துவிடுவான்.

அதில் மண்ணள்ளிப் போடவென்றே வாராவாரம் வந்து நிற்கிறது இந்த ஓட்டை வண்டி! அந்த வண்டிக்காரன் இந்தக் கடையில் ஒரு தீப்பெட்டி வாங்கியும் யாரும் பார்த்ததில்லை.

பொற்கொடி நேராக மேனேஜரிடம் போனாள்.

"எதிர்ல டீ குடிக்கறவனுக்கெல்லாம் இங்கதான் வண்டி நிறுத்த எடமா சார்?"

மேனேஜர் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, "அந்த டி.வி.எஸ். இனிமே கேட்டுக்குள்ளயே வரக்கூடாது" என்றார்.

அடுத்த ஞாயிறு அவள் ஜெயித்த முகத்தோடு வந்தாள். டி.வி.எஸ்.ஸைக் காணோம்.

அந்த இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய கார் நின்றது. பூட்டியிருந்தது. உள்ளே ஆளில்லை.

வாட்ச்மேன் கையைப் பிசைந்தார். "நான் சொன்னன்மா. அஞ்சு நிமிசம்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு. பெரிய எடம். என்னா பண்றது?"

ரத்தினவேல் ஸ்கூட்டரைத் திருப்பினான்.

கேட்டைத் தாண்டுவதற்குள் அந்த டி.வி.எஸ். வந்து ஸ்கூட்டருக்குக் குறுக்கே நின்றது.

"அண்ணே, போயிராதீங்க. ரெண்டு நிமிஷம்."

"இங்கியும் குறுக்க வந்துட்டியா? உனக்கு நாங்க என்னாய்யா பாவம் பண்ணோம்?" பொற்கொடிக்குக் குரல் உடைந்துவிட்டது.

"அக்கா, அன்னைக்கும் இப்படித்தான் ஒரு கார் நின்னுச்சு. 'இனிமே கூப்புடாத'ன்னு அண்ணன் சொன்னப்ப நான் அந்த டீக்கடையிலதான் இருந்தேன். மனசு கேக்கலை. எங்க ஊர்ப்பக்கம் பஸ்ஸுல முடியாதவங்களுக்கு ஜன்னல் வழியா துண்டைப் போட்டு இடம் பிடிப்போம். இங்க துண்டைப் போட்டா அது மேலயே காரை ஏத்திருவாங்க. அதான் வண்டியைப் போட்டு வச்சேன். நீங்க வராத ஞாயித்துக்கிழமையும் போட்டேன். எப்பவாச்சும் வருவீங்கல்ல?"

பொற்கொடி அந்த டி.வி.எஸ்.ஸையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதை மொதல்லியே சொல்றதுக்கு என்னாய்யா?"

"நீங்க எங்க சொல்ல விட்டீங்கக்கா?"

ரத்தினவேல் சத்தமாகச் சிரித்துவிட்டான். வெளியிடத்தில் அவன் அப்படிச் சிரித்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

அந்த நேரம் பார்த்து இரண்டு கையிலும் பைகளோடு கார்க்காரர் வெளியே வந்தார். பொற்கொடி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். இத்தனை வாரமாக ஆள் மாறிப் போன திட்டெல்லாம் அன்றைக்குத்தான் சரியான விலாசத்தில் போய்ச் சேர்ந்தது. மனிதர் பைகளைப் பின் சீட்டில் எறிந்துவிட்டுக் கிளம்பினார்.

ஸ்கூட்டர் அதன் இடத்தில் நின்றது. ரத்தினவேல் கட்டைகளை ஊன்றிச் சாய்வுப் பாதையில் ஏறினான்.

பொற்கொடி திரும்பி வந்தாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதையும் மீறி, இந்தப் பேர்கூடத் தெரியாதவன்மேல் கும்பிடத் தோன்றும் அளவுக்கு நன்றி பொங்கியது.

"உன் பேரு என்னாப்பா?"

"பூபதிக்கா."

"நீ நல்லா இருக்கணும் பூபதி. எங்கூட்டுக்காரரு வெளிய வர்றதே உன்னாலதான். நான் போயி மேனேஜர்கிட்ட சொல்லிடறன். அடுத்த வாரமும் வண்டியைப் போட்டு வெக்கிறியா?"

"வைக்கிறேன்க்கா. ஆனா நீங்க வழக்கம்போல என்னை நல்லாச் சத்தமாத் திட்டணும். போன மாசம் நீங்க போட்ட சத்தத்துல, அங்க நிறுத்த வந்த ரெண்டு கார்க்காரங்க வந்த வழியே திரும்பிட்டாங்க!"