பத்தீன்

ஸ்பெயின் நாட்டுக் காலிசியாவின் மலைக்கிராமங்களில் மாடிக்குப் போகும் கல்படிக்கட்டு வீட்டுக்கு வெளியே, முற்றத்தில்தான் இருக்கும். அப்பா செத்ததும் மாடி சபேலாவுக்கு, கீழே தொழுவமும் முற்றமும் அண்ணனுக்கு என்று பாகம் பிரிந்தது. படிக்கட்டு யாருக்கு என்று அன்றைக்கு யாரும் வாய் திறக்கவில்லை. இப்போது அகராதிக்குச் சொல் சேகரிப்பதாக ஒருவன் வந்து நிற்கிறான். சபேலா அவனை மேலே கூப்பிடவில்லை, தானும் கீழே இறங்கவில்லை. பாதிப் படியில் நின்றே பேசினாள். அவன் பார்வை தொழுவத்துப் பக்கம் போய்ப் போய் வருவதாக அவளுக்குப் பட்டது.

“இந்தப் படிக்கட்டுக்கு உங்க ஊர்ல என்னம்மா பேரு?”

“எதுக்குக் கேக்குறீங்க?”

“பத்தீன்னுதானே சொல்வீங்க? அதுக்கு முதல்ல சின்ன முற்றம்னுதான் அர்த்தம்னு சிலர் சொல்றாங்க. அப்புறம்தான் படிக்கட்டுக்கு வந்துச்சாம்.”

தொழுவத்தில் அண்ணன் பால் கறக்கும் சத்தம் சட்டென்று நின்றது.

“முற்றமா,” என்றாள் சபேலா. “உங்கள யாரு அனுப்புனா?”

“யாரும் இல்லீங்க. அகராதிக்குத்தான்.”

“அப்ப எழுதிக்கோங்க. இந்த வீட்டுல இதுக்குப் பேரே கிடையாது.”

அவன் போன பிறகு, நின்ற படியிலேயே பாவாடையை அகல விரித்து உட்கார்ந்துகொண்டாள். கீழே பால் கறக்கும் சத்தம் இன்னும் எழவில்லை.