நேற்றைய மீன் குழம்பு

"டாக்டரை வெளிய வரச் சொல்லு. இல்லன்னா நாங்க உள்ள வருவோம்."

ஜெயராஜின் குரல் கும்மிடிப்பூண்டி மெயின் ரோடு வரைக்கும் கேட்டது. நர்சிங் ஹோம் வாசலில் ஆம்புலன்ஸ். அதற்குள் எட்வர்டின் உடல். நேற்று சாயங்காலம் இதே வாசலில் நடந்து உள்ளே போய், ஊசி போட்டுக்கொண்டு, நடந்தே வெளியே வந்தவன். விடிகாலையில் மூச்சுத் திணறி வீட்டிலேயே போய்விட்டான்.

மனைவி மேரி ஆம்புலன்ஸ் படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மகள் பிரின்சி. காலையிலிருந்து மேரி ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசுவதற்குத்தான் ஜெயராஜ் இருந்தாரே. எட்வர்டை ஸ்டீல் கம்பெனியில் சேர்த்துவிட்ட லேபர் கான்ட்ராக்டர். ஆம்புலன்ஸுக்குச் சொன்னது அவர், ஆட்களைத் திரட்டியது அவர், வக்கீலுக்குப் போன் போட்டதும் அவர். நேற்று எட்வர்டையும் மேரியையும் தன் காரிலேயே இங்கே அழைத்து வந்தவரும் அவர்தான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷனா என்று கூட்டத்தில் சிலர் நெகிழ்ந்தே போனார்கள்.

"மேரி, நீ வாயே தொறக்காத. எல்லாம் நான் பாத்துக்கறேன். கன்ஸ்யூமர் கோர்ட்டுல கேஸ் போட்டு, பிரின்சி படிச்சு முடிக்கிற வரைக்கும் தாங்குற மாதிரி நஷ்ட ஈடு வாங்கித் தரேன். இன்னா, புரியுதா?"

மேரி தலையாட்டினாள்.

இன்ஸ்பெக்டர் பூவராகவன் வந்து சேர்ந்த பிறகுதான் டாக்டர் ஸ்ரேயா வெளியே வந்தாள். சின்ன வயது. முகம் வெளுத்திருந்தது.

"இன்னா ஊசி போட்ட?" என்றார் ஜெயராஜ்.

"வாந்தி நிக்கிறதுக்கு. மீன் குழம்பு சாப்பிட்டது ஒத்துக்கல, நெஞ்சு எரியுதுன்னு சொன்னாங்க."

"மீன் கொழம்பு துன்னவன் எல்லாம் செத்துட்டானா?"

கூட்டம் கைதட்டாத குறை. எட்வர்டோடு வேலை பார்த்த பார்த்திபன் மட்டும் ஆம்புலன்ஸ் பக்கத்தில் தலை குனிந்து நின்றான்.

"கூடவே இருமலும் இருந்துச்சு," என்றாள் ஸ்ரேயா. "நான் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருக்கணும். ஒரு ராத்திரியாவது இங்க வச்சிருக்கணும். நிறைய பேர் காத்திருக்காங்கன்னு அனுப்பிட்டேன். தப்புதான்."

தப்பை ஒப்புக்கொள்கிற டாக்டரை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்த்ததும் யாருக்கும் இரக்கம் வரவில்லை, தைரியம்தான் வந்தது. ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்தது. நியாயம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

"அவங்களே ஒத்துக்கினாங்க சார். டாக்டர் மேல கம்ப்ளைன்ட் எழுதிக்கங்க. மேரி, வந்து கையெழுத்துப் போடு."

மேரி எழுந்தாள். அப்போதுதான் பார்த்திபன் இருமினான்.

வறட்டு இருமல். தொடங்கினால் நிற்காமல், கடைசியில் மெல்லிய விசில் போல மூச்சு இழுத்து முடிகிற இருமல். நேற்று ராத்திரி முழுக்க மேரி கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான்.

"பார்த்தி, எப்போலேர்ந்து இருமுற?"

"காலைலேர்ந்து அண்ணி. ஒண்ணுமில்ல, தூசு."

"அவரும் அதான் சொன்னாரு."

பிரின்சியைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, பார்த்திபனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரிடம் நடந்தாள். கூட்டம் வழிவிட்டது. புருஷனைப் பறிகொடுத்தவள் என்ன செய்யப் போகிறாள் என்று பார்க்க எல்லோருக்கும் ஆசை. செல்போன்கள் இன்னும் கொஞ்சம் உயர்ந்தன.

ஜெயராஜின் குரல் முதல் முறையாகத் தணிந்து வந்தது. "மேரி, இன்னா பண்ற? பேசுனா ஒண்ணும் கெடைக்காது. பொண்ண நெனச்சுப் பாரு."

மேரி நிற்கவில்லை.

"டாக்டரம்மா, இவனை உள்ள சேத்துக்குங்க. நேத்து கம்பெனில ஆசிட் தொட்டி கழுவ அவரோட இவனும் எறங்குனான். அந்தப் பொகைய ரெண்டு பேருந்தான் குடிச்சாங்க."

"ஆசிட் புகையா?" ஸ்ரேயா பார்த்திபனின் கையைப் பிடித்துவிட்டாள். "அது உடனே தெரியாதும்மா. ராத்திரியோட ராத்திரியா நுரையீரல்ல நீர் கோத்துக்கும். நேத்தே ஒரு வார்த்தை..."

முடிக்காமல் திரும்பினாள். "ஸ்ட்ரெச்சர் கொண்டாங்க. ஆக்சிஜன் வைங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, வர்றோம்னு சொல்லுங்க."

பார்த்திபனை உள்ளே கொண்டு போனார்கள். வெளியே செல்போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

"சார், துக்கத்துல அது இன்னாவோ பேசுது," என்றார் ஜெயராஜ். "எட்வர்டு ஊட்ல மீன் துன்னுட்டுத்தான்..."

இன்ஸ்பெக்டர் அவரைக் கையமர்த்தினார். "நீங்க சொல்லுங்கம்மா. கம்ப்ளைன்ட் யார் மேல?"

"மூணு பேரு மேல எழுதுங்க சார். படம் எடுத்துப் பாக்காம அனுப்புனதுக்கு டாக்டரம்மா மேல. கம்பெனில நடந்ததுன்னு சொன்னா வேலை போயிடும், ஊட்ல துன்னது சேரலன்னு சொல்லுங்கன்னு கார்லயே சொல்லிக் குடுத்ததுக்கு ஜெயராஜ் அண்ணன் மேல."

"மூணாவது?"

மேரி ஆம்புலன்ஸைத் திரும்பிப் பார்த்தாள்.

"டாக்டரம்மா இன்னா ஆச்சுன்னு கேட்டப்போ, அவரு உண்மைய சொல்லத்தான் வாயெடுத்தாரு சார். முந்திக்கினு மீன் கொழம்புன்னு சொன்னது நான். எங்க ஊட்ல நேத்து மீனே வாங்கல."