ஒட்டாத இறக்கை

"விடு ஜோ, இந்த றெக்கை ஒட்டாது. என் கையும் தேறாது" என்று சொல்லி ரூபேந்திரன் விமானத்தை மேசையில் வைத்தான்.

மனைவி ஜோஆன் எட்டிப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கை அகலத்தில், துண்டு துண்டாக ஒட்டிச் சேர்க்கும் ஒரு பிளாஸ்டிக் போர்விமானப் பொம்மை. இடது இறக்கைக்கும் உடலுக்கும் நடுவே அரிசி நுழையும் அளவுக்குச் சந்து. அதன்மேல் சந்தை அடைக்கும் புட்டிப் பசை கண்டபடி அப்பியிருந்தது.

"பழைய கிட்டுன்னாலே இப்படித்தான் லா. அந்தக் காலத்து அச்சு, எல்லாம் கோணல்மாணல். நல்ல கையா இருந்தா ராவி, புட்டி வச்சு சரி பண்ணிடலாம். எனக்கு அரத்தைப் பிடிச்சாலே ஆடுது."

"நாளைக்குப் பாக்கலாம். சாப்பிட வாங்க."

"நாளைக்கு மட்டும் என்ன? ரெண்டு றெக்கையும் சேரலைன்னா டப்பாவோட குப்பையில போட்டுடுவேன். அப்புறம் இந்தக் கையைப் பத்தி யாரும் பேசக்கூடாது."

அந்தப் பேச்சுதான் ஜோஆனைச் சுட்டது. மோட்டார் சைக்கிள் விபத்தில் உடைந்த வலது கை அது. கட்டுப் பிரித்ததும் விரல்களுக்கு ஏதாவது நுணுக்கமான வேலை கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அதற்காக வந்ததுதான் இந்த விமானம்.

அன்று பின்னால் உட்கார்ந்திருந்த ஜோஆனுக்கு வெளியே ஒரு கீறல்கூட இல்லை. வயிற்றில் இருந்த பிள்ளைதான் போய்விட்டது. அதன் பிறகு சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடந்தாள். இப்போது அதற்கெல்லாம் நேரமில்லை. காலையில் அவன் சட்டைக்குப் பித்தான் போட்டுவிட அவள் எழுந்தாக வேண்டும். அவனும் மனதை விட்டுவிட்டால் இந்த வீட்டில் யார் மிச்சம்?

மறுநாள் அவன் ஆபீசுக்குக் கிளம்பியதும் மேசையில் உட்கார்ந்தாள். எல்லாம் யூடியூப் பார்த்துக் கற்ற வித்தை. அவன் அப்பியிருந்த புட்டியைச் சுரண்டி எடுத்தாள். கம் தடவாமல் இறக்கையை வைத்துப் பார்த்து, இடிக்கிற இடத்தில் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தாள். மிச்சச் சந்தில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி ஒட்டி, மேலே புட்டி பூசினாள். காய்ந்ததும் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் தடவினாள். எங்கும் தட்டவில்லை. அப்போதுதான் பகல் சாப்பாட்டை மறந்தது நினைவுக்கு வந்தது.

மாலையில் ரூபேந்திரன் கத்தினான். "அலமாக்! ஜோ, இங்க வா! நான் வச்ச புட்டி காஞ்சு எப்படி உக்காந்திருக்கு பாரு!"

"உங்க கைதானே" என்றாள் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு.

இந்த மனிதனை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா என்று அடுப்படிக்குப் போய்ச் சிரித்தாள். அவள் சிரித்து நாளாகியிருந்தது.

ஆனால் அடுத்து அவன் எடுத்து வைத்த வலது இறக்கை இடதைவிட மோசம். "இது வேலைக்கு ஆகாது" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு எழுந்து போனான். மறுநாள் ஜோஆன் வேலையைத் தொடங்கினால், புட்டி டியூப்பைப் பிழிந்தாலும் ஒன்றும் வரவில்லை. சாயங்காலத்துக்குள் சரிசெய்யாவிட்டால் எல்லாம் குப்பைக்குப் போய்விடும். விமானத்தையும் இறக்கையையும் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு கிராப் கார் கூப்பிட்டாள்.

தம்போய் சிக்னலில் கார் நின்றபோதுதான் உறைத்தது. அந்த விபத்துக்குப் பிறகு வீட்டுக் கேட்டைத் தாண்டித் தனியாக வருவது இதுதான் முதல் தடவை. பயப்படக்கூட மறந்துபோயிருந்தாள்.

பொம்மை விமானக் கடைக்காரர் சதாசிவம் டப்பாவைத் திறந்து பார்த்தார்.

"இந்தக் கிட்டுக்கா புட்டி? இது நான் வித்ததுதாம்மா. பழசுதான், ஆனா பொருத்தத்துல இதை அடிச்சுக்க ஆளில்ல. கம் இல்லாமலே நிக்கும்."

"இல்ல அங்கிள், றெக்கை சேரவே மாட்டேங்குது."

அவர் மேல்தட்டிலிருந்து அதே மாதிரி இன்னொரு பெட்டியை இறக்கினார். அதிலிருந்த வலது இறக்கையை எடுத்து அவள் கொண்டுவந்த உடலில் செருகினார். டக்கென்று உட்கார்ந்தது. மயிரிழைச் சந்துகூட இல்லை.

"அப்ப இது?" என்று அவள் தன் இறக்கையை நீட்டினாள்.

சதாசிவம் பூதக்கண்ணாடியில் பார்த்தார். "அச்சுக் கோளாறு இல்லம்மா. யாரோ வேணும்னே ராவி எடுத்திருக்காங்க. அரம் போன கோடு பாருங்க, ஒண்ணுகூட விலகல. இப்படி ராவணும்னா கை கல்லு மாதிரி நிக்கணும். எந்தக் கிறுக்கன் பார்த்த வேலை இது?"

ஜோஆன் அந்தக் கோடுகளை நகத்தால் தடவினாள். தினமும் காலையில் தான் போட்டுவிடும் சட்டைப் பித்தான்கள் நினைவுக்கு வந்தன.

போன் அடித்தது. ரூபேந்திரன்தான்.

"ஜோ, மெசேஜுக்கு பதிலே காணோம். எங்க இருக்க?"

"வெளியில வந்தேங்க."

"வெளியிலயா? தனியாவா?"

"தனியாத்தான்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அதைக் கேட்டுவிட்டு அவள் போனை வைத்தாள்.

"இந்தப் புது றெக்கையையே எடுத்துக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார் சதாசிவம்.

"வேணாம் அங்கிள்." ஜோஆன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "புட்டி மட்டும் பெரிய டியூப்பா குடுங்க. என் வீட்டுக்காரருக்கு இன்னும் கை சரியாகல."