சிவப்புக் கட்டை

"அம்மா, இந்த வளவைச் சுத்திக் கட்டை ஏதும் அடிச்சிருந்ததோ?"

படலைக்கு வெளியே ஜீப் நின்றது. கேட்டவர் பிரதேச சபையிலிருந்து வந்த பிரசாந்தன். கையில் வரைபடச் சுருள். வடிவம்மா படலையைப் பாதி மட்டும் திறந்தாள்.

"கட்டையோ? இல்லை சேர். ஒரு கட்டையும் இல்லை."

சொல்லும்போதே குசினியிலிருந்து புகை வந்தது. அந்தக் கட்டைகள்தான் அடுப்பில் எரிந்துகொண்டிருந்தன.

முந்தின நாள் கச்சான் கடலை பிடுங்கும் கூலி வேலை முடிந்து வந்தபோதுதான் அவற்றைக் கண்டாள். வளவின் நாலு மூலையிலும் தலையில் சிவப்புப் பெயின்ற் பூசிய கட்டைகள். பின்பக்கத் தரவை வெளியில் ஊருக்குப் பொதுவாகச் சோலார் மின்சாரம் போடப் போகிறார்கள் என்று நெடுங்கேணிச் சந்தை வரைக்கும் ஒரே கதை. அவள் கூட்டத்துக்குப் போகவில்லை. போனால் பேரைக் கேட்பார்கள், பேரைக் கேட்டால் காணி உறுதிப் பத்திரத்தைக் கேட்பார்கள்.

வன்னியில் சிவப்புக் கட்டை எப்போது நல்ல செய்தி சொன்னது? முதலில் கண்ணிவெடிக்கு அடித்தார்கள். பிறகு காணி பிடிக்க அடித்தார்கள். அவளிடம் உறுதியும் இல்லை, அரசாங்கம் கொடுக்கும் பெமிற்றும் இல்லை. இருப்பது புருஷனோடு சேர்ந்து திருத்திய இந்த வளவு ஒன்றுதான். அதுவும் போனால் எங்கே போவாள்? நாலையும் பிடுங்கிக் குசினிக்குள் ஒளித்தாள். பின்னேரம் படலையில் சைக்கிள் மணி அடித்தபோதும் கதவைத் திறக்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வடிவாய் யோசிச்சுச் சொல்லுங்கோ அம்மா. நான் ஏன் கேக்கிறனெண்டால்..."

"எனக்கு ஒண்டும் தெரியாது சேர்! மாடு கீடு முட்டி விழுத்திச்சோ... இல்லை இல்லை, கட்டையே இருக்கேல்லை!"

பிரசாந்தன் குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தார். அவள் ஓடிப்போய் வாசலை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"சரி, எத்தினை வருசமா இஞ்ச இருக்கிறியள்?"

இது அடுத்த பொறி என்று நினைத்தாள். கனகாலம் என்றால், உறுதியில்லாமல் இவ்வளவு காலம் இருந்ததற்கு வழக்குப் போடுவார்கள்.

"இப்பத்தான் சேர். போன மாசந்தான் வந்தனான்."

அவர் காய்த்துக் குலுங்கிய மாமரத்தை ஒருமுறை பார்த்தார்.

"போன மாசமோ? உண்மையாவோ?"

"சத்தியமா, சேர்."

"நீங்களே இப்பிடிச் சொல்லேக்க நான் என்ன செய்யிறது?" என்று பெருமூச்சு விட்டு, வரைபடத்தில் அந்த வளவுக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு புறப்பட்டது.

"பிள்ளையாரே!" என்று வடிவம்மா நெஞ்சில் கைவைத்தாள். மிஞ்சிய கடைசிக் கட்டையையும் அடுப்புக்குள் தள்ளி, தேத்தண்ணிக்குக் கேத்தில் வைத்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பேயையே எரித்துவிட்ட நிம்மதி அவளுக்கு.

மறுபடியும் படலையில் சைக்கிள் மணி. ஊர்ச் சங்கச் செயலாளர் யதுர்ஷிகா சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"எங்கையக்கா போனனீங்கள்? நேற்றுப் பின்னேரம் மணி அடிச்சு அடிச்சுக் களைச்சுப் போனன். சபைக்காரர் வந்து பாத்திட்டாரோ?"

"ஓம். பாத்திட்டுப் போட்டார்."

"அப்பாடா! இனிப் பயமில்லை. சோலார் வருகுதெண்டவுடனை, புதுசாக் கொட்டிலைப் போட்டு இடம் பிடிச்ச ஆக்களும் இருக்கினமெல்லே? அதாலை, கனகாலம் குடியிருக்கிற ஆக்களின்ர வளவுக்குச் சபையாக்கள் எங்கட சங்கத்தையே கட்டை அடிக்கச் சொன்னவை. உறுதி இல்லாட்டிலும், கட்டை நிக்கிற வளவைத் தொடமாட்டினம். மிச்சம் முழுக்கச் சோலாருக்குத்தான். உங்கட நாலு கட்டையையும் நான்தான் அக்கா நிண்டு அடிப்பிச்சனான்!"

வடிவம்மா குசினிக்குள் பாய்ந்தாள். எரிந்துகொண்டிருந்த கட்டையை வெறுங்கையால் இழுத்தெடுத்தாள். தலையில் சிவப்பு இல்லை, கரிதான் இருந்தது. அதைத் தூக்கிப் பிடித்தபடி ஜீப் போன புழுதிக்குப் பின்னால் ஓடினாள்.

"சேர்! கட்டை இருக்கு சேர்! கட்டை இருக்கு!"