காய்ச்சாத பால்

"கால் இருக்கா, போயிடுச்சா? அதை மட்டும் சொல்லுங்க ஹுக்கும்," என்றார் கேவாராம், எஜமானை அழைக்கிற மரியாதையோடு.

அன்று காலை கக்கூஸுக்கு நடந்தபோது அவருடைய வலது கால் செருப்பு கழன்று விழுந்திருந்தது. விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை. திரும்பி வரும்போது அது நடைபாதையில் தனியாகக் கிடப்பதைப் பார்த்தார். டாக்டரிடமும் அதைச் சொல்லிவிட்டார். அப்போது பிடித்த பயம் இன்னும் விடவில்லை. ஐம்பது ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு ராஜஸ்தானில் மார்வார் முழுக்க நடக்கிற மனிதர். ஒட்டகம் மேய்க்கிற ராய்க்கா சாதியில் நடக்க முடியாதவனை ஒட்டகம்கூட மதிக்காது.

டாக்டர் உம்மேத் சிங் ராத்தோர் கட்டிலருகே கொடிக்கம்பம் போல நின்றார். அவர் நோயாளியைக் குனிந்து பார்ப்பதில்லை. குனிவதற்கு மாணவர்கள் இருந்தார்கள். கொஞ்ச காலமாக உட்காருவதும் இல்லை, நின்றபடியே கையெழுத்துப் போட்டார். ராஜபுத்திர கம்பீரம் என்று ஊரே மெச்சியது. மாணவர்கள் இரண்டு பேர் அதே மாதிரி விறைத்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

ஒருவன் முதுகெலும்புப் படத்தை அவருடைய கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்தான்.

"ரெண்டு எலும்புக்கு நடுவுல அரிச்சிருக்கு. சாயங்காலமானா காய்ச்சல், வேர்வை. என்ன இது?" என்றார் டாக்டர்.

"காசநோய், ஹுக்கும்!" ஏழு குரல்கள்.

"சந்தேகம்?"

"இல்லை, ஹுக்கும்!" சந்தேகம் என்ற பாடம் அங்கே நடத்தப்படுவதில்லை.

"ஒரு வருஷம் மாத்திரை. எழுதிக்கோ."

"சார்..." என்றாள் பின்னால் நின்ற மாணவி கரிமா. அவளுடைய ஆய்வேட்டில் அவர் கையெழுத்து இன்னும் விழவில்லை. "சீழ்ல காசநோய்க் கிருமி வரலையே சார். பாபா, நீங்க பாலைக் காய்ச்சித்தானே குடிப்பீங்க?"

பயத்துக்கு நடுவிலும் கேவாராமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒட்டகப் பாலையா? அடுப்புலயா? கறந்த சூட்டோட, நுரையோட குடிக்கணும் பொண்ணே. காய்ச்சினா மடி வத்திப் போயிடும்."

"இந்த வருஷம் ஒட்டகம் ஏதாவது சினை கலைஞ்சுதா?"

சிரிப்பு நின்றது. "ஆறு. அது உனக்கு எப்படித் தெரியும்?"

கரிமா டாக்டர் பக்கம் திரும்பினாள். "புரூசெல்லான்னு ஒரு கிருமி சார். கால்நடைக்குச் சினையைக் கலைக்கும். பால் வழியா மனுஷனுக்கு வந்து முதுகெலும்புல உட்கார்ந்துக்கும். படத்துல காசநோய் மாதிரியே தெரியும். ஆனா மருந்து வேற. ஒரு ரத்தப் பரிசோதனை..."

"மாட்டு டாக்டருக்குப் படிக்கப் போன பொண்ணு. வழி தெரியாம இங்க வந்துடுச்சு," என்றார் அவர்.

ஏழு பேரும் அளவாகச் சிரித்தார்கள்.

"நான் சொல்றது தப்புன்னா ஒரு ட்யூப் ரத்தம்தான் வீண் சார். நீங்க சொல்றது தப்புன்னா அவர் காலே போயிடும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. கேவாராம் அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

எப்படியும் காரியம் கெட்டாயிற்று, மிச்சத்தையும் கேட்டுவிடலாம் என்று அவள் கேட்டாள். "பாபா, அந்தப் பாலை யாருக்கெல்லாம் வித்தீங்க?"

"விக்கிறதா? பெத்த பிள்ளையை எவனாவது விப்பானா? கேட்டவங்களுக்கு சும்மாதான் குடுப்போம். சர்க்கரை வியாதிக்கு நல்லதுன்னு டவுன்ல பெரிய பெரிய பங்களாவுக்கெல்லாம் என் தம்பி தினம் ஒரு செம்பு..."

டாக்டரின் பேனா தரையில் விழுந்தது.

கோபம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார், எடுக்கவில்லை. எடுத்துக் கொடுக்கிற போட்டியில் இரண்டு தலைகள் டங்கென்று மோதிக்கொண்டன. டிசம்பர் குளிரில் அவர் நெற்றி வேர்த்திருந்தது.

"எல்லாரும் வெளிய போங்க. கரிமா மட்டும் இரு."

ஏழு பேரும் அவளை இழவு வீட்டில் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு வெளியேறினார்கள். கதவு சாத்திக்கொண்டது. மூன்று வருஷப் படிப்பு இதோடு முடிந்தது என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அந்தப் பரிசோதனைக்கு ரத்தம் எடு," என்றார் அவர். "ரெண்டு ட்யூப்."

"ஒண்ணு போதும் சார்."

"ரெண்டு எடுன்னேன்."

முதல் ட்யூபில் கேவாராம் என்று எழுதினாள். "ரெண்டாவதுல யார் பேரை எழுதறது சார்?"

அவர் வெள்ளைக் கோட்டை மெல்லக் கழற்றினார். சட்டையின் மேல், மார்பிலிருந்து இடுப்புவரை, முதுகைத் தாங்கும் அகலமான பெல்ட் இறுக்கிக் கட்டியிருந்தது.

"என் பேரை எழுது. காசநோய்னு நானே முடிவு பண்ணி நாலு மாசமா மாத்திரை முழுங்கறேன்," என்றவர் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இன்னிக்குக் காலையில என் செருப்பும் கழண்டு விழுந்துடுச்சும்மா. எனக்குத் தெரியலை."