லிங்கசாமிங்க, உட்காருங்க

"லிங்கசாமிங்க, உள்ளார வாங்க. உட்காருங்க."

முதலாளி மகுடேஸ்வரன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததும் லிங்கசாமி, தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

பின்னே? அந்த பனியன் கம்பெனியில் எடுபிடியாகச் சேர்ந்து புரொடக்‌ஷன் மேனேஜர் ஆகிற வரைக்கும் அவர் கேட்டதெல்லாம், "ஏண்டா லிங்கு, கண்ணு பொடனியிலயா இருக்குது?" என்கிற ரகம்தான். அதிலும் இன்றைக்கு நடந்த காரியத்துக்கு முதலாளி கூரையைப் பிய்த்திருக்க வேண்டும். பெரியவர்கள் சைஸுக்கு வெட்ட வேண்டிய துணியைக் குழந்தைகள் சைஸுக்கு வெட்டித் தள்ளியாயிற்று. சரி பார்த்து வெட்டச் சொன்னது சாட்சாத் லிங்கசாமி.

"தப்பு நடந்து போச்சுங்க மொதலாளி..."

"பரவாயில்லீங்க. இதுலிருந்து நீங்க என்ன கத்துக்கிட்டீங்க?"

லிங்கசாமி திருதிருவென்று விழித்தார். இதென்ன கேள்வி? முதலாளியோ செல்போனை அணைத்து வைத்துவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டீ சாப்பிடறீங்களா?"

போச்சுடா, வேலைக்கு உலை வைத்தாயிற்று என்று நினைத்துக்கொண்டார் லிங்கசாமி.

காரணம் இருக்கிறது. அந்தக் கம்பெனியில் முதலாளி திட்டினால் வேலை கெட்டி என்று அர்த்தம். மரியாதை கொடுத்தால்தான் ஆபத்து. கணக்கு எழுதிய பெருமாள்சாமியை ஒருநாள், "வாங்க, உட்காருங்க" என்றார். அடுத்த வாரம் அந்த நாற்காலியில் வேறு ஆள்.

குழம்பிய தலையோடு லிங்கசாமி நேராக, தைத்த பனியன்களைச் சரிபார்க்கும் செக்கிங் செக்‌ஷனுக்குப் போனார். முதல் டேபிளில் வழக்கம்போல ரோஸ்மேரி மாட்டினாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண்.

"ஏய், பீஸைப் பாக்கறியா, தூங்கறியா? உன்னையெல்லாம் எவன் பஸ் ஏத்தி இந்த ஊருக்கு அனுப்புனான்?"

அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. கண் கலங்கக் குனிந்துகொண்டாள். லிங்கசாமிக்குக் கொஞ்சம் மூச்சு வந்த மாதிரி இருந்தது.

வாரம் பூராவும் முதலாளி அறையில் இதே கூத்து. "உங்க யோசனை என்னங்க?" என்பார். "நீங்க சொன்னாச் சரிங்க" என்பார். ஒருநாள் எல்லோர் முன்னாலும் தோளில் தட்டி, "இவராலதாங்க நம்ம கம்பெனி ஓடுது" என்று வேறு சொல்லிவிட்டார். லிங்கசாமிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

"ஊட்டுக்கு வந்ததுல இருந்து என்னங்க உம்முனு உக்காந்திருக்கறீங்க?" என்றாள் மனைவி அமராவதி.

"மொதலாளி மரியாதையாப் பேசறாரு புள்ள."

"அய்யய்யோ! அப்பிடி என்னங்க பண்ணித் தொலைச்சீங்க?"

"அதான் தெரிய மாட்டேங்குது. துணி வெட்டுன தப்புன்னா நாலு திட்டுத் திட்டி உட்டுருப்பாரே."

அமராவதி தலையில் கையை வைத்துக்கொண்டாள். மகளை இந்த வருஷம்தான் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள். வீட்டுக்கு வாங்கிய கடன் வேறு. லிங்கசாமிக்கு வேறு கம்பெனி எதுவும் தெரியாது.

"அவுங்களா போகச் சொல்றதுக்கு முன்னால நீங்களே நின்னுக்கங்க. மானமாச்சும் மிஞ்சும்" என்றாள் கடைசியில்.

மறுநாள் காலை, வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிடுகிற முடிவோடு லிங்கசாமி முதலாளி அறைக்குள் நுழைந்தார். முதலாளி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு புத்தகத்தில் மூழ்கியிருந்தார். அட்டையில் கோட்டும் டையும் போட்ட ஒரு ஆள் சிரித்துக்கொண்டிருந்தான். மேலே கொட்டை எழுத்தில், 'ஆளை நோகடிக்காமல் வேலை வாங்குங்கள்!'

லிங்கசாமிக்குப் பளிச்சென்று விளங்கியது.

"ஏனுங்க மொதலாளி, இந்தப் புக்கைப் படிச்சுப்போட்டுத்தான் இந்த வாரமெல்லாம் எங்கிட்ட...?"

"ஆமாங்க."

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் லிங்கசாமிக்கு வாயும் திறந்துகொண்டது.

"நான் பயந்தே போயிட்டனுங்க! வேலையை உட்டு நின்னுக்கலாம்னு வந்தனுங்க. இந்தப் புக்கெல்லாம் கோட்டு போட்டவங்களுக்குங்க. நம்ம கம்பெனிக்கு ஆகுமுங்களா? இங்க திட்டுனாத்தானுங்க வேலை நடக்கும். நானே நீங்க திட்டித் திட்டி ஆளானவன்தானுங்களே! பழையபடி திட்டுங்க மொதலாளி. அதுதானுங்க எனக்கு நிம்மதி."

முதலாளி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"லிங்கு..."

அந்தப் பழைய பேரைக் கேட்டதும் லிங்கசாமிக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "சொல்லுங்க மொதலாளி."

"இது எனக்கு வந்த புக்கு இல்ல. உனக்கு வந்தது."

"எனக்குங்களா? யாருங்க குடுத்தாங்க?"

"செக்கிங்குல ரோஸ்மேரியும் கூட இருக்கற புள்ளைகளும் போன வாரமே, துணி தப்பா வெட்டறதுக்கு முன்னாலயே, பஸ் ஸ்டாண்டு கடையில வாங்கிட்டு வந்தாங்க. 'மேனேஜர்கிட்ட நீங்களே குடுத்துருங்கய்யா, நாங்க குடுத்தா அதுக்கும் ஏசுவாரு'ன்னு சொல்லி அழுதுச்சு அந்தப் புள்ள."



முதலாளி புத்தகத்தை மூடி அவர் பக்கம் நகர்த்தினார்.

"அன்னைக்கே உங்கிட்டக் குடுத்திருப்பேன். உனக்குத் திட்டக் கத்துக் குடுத்தவனே நான்தானே லிங்கு, அதான் மொதல்ல நான் படிச்சேன்."